பதினேழாம் பக்கத்து ஷட்டர்

சாகச வீரர்கள் பலர் ஒரே கதையில் சந்திக்கும்போது முதலில் அவர்கள் ஒருவரையொருவர் அடித்துக்கொள்ள வேண்டும். ஏதோ ஒரு தவறான புரிதலில் ஏழெட்டுப் பக்கங்களுக்குக் கட்டடங்கள் இடியும். பிறகு உண்மை தெரியவரும். கை குலுக்குவார்கள். தனியொருவனால் முடியாத ஒரு வேலையைச் சேர்ந்து முடிப்பார்கள். காமிக்ஸ் உலகில் இது எழுதப்படாத விதி. பனையத்திடல் செ. பெரியநாயகசாமி நாற்பத்தோரு ஆண்டுகளாக இந்த விதியைக் கவனித்து வந்திருக்கிறார்.

அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. நாகப்பட்டினத்துக்குத் தெற்கே, காவிரித் தண்ணீர் களைத்துப்போய்க் கடைசியாக வந்து சேரும் இடத்தில் நான்கு ஏக்கர் நிலம். சம்பா ஒரு போகம்தான். 'வெண்புலி காமிக்ஸ்' இதழின் வாசகர் பகுதியில் அவருடைய கடிதங்கள் இருநூற்றுப் பன்னிரண்டு வெளிவந்திருக்கின்றன. பாராட்டு குறைவு. பதினான்காம் பக்கத்தில் வீரனின் இடுப்புப் பட்டை சிவப்பு, பதினைந்தாம் பக்கத்தில் பச்சை, இடையில் அவன் உடை மாற்றியதாகத் தகவல் இல்லை என்கிற வகைக் கடிதங்களே அதிகம். ஆசிரியர் ஒவ்வொரு முறையும் 'அடுத்த பதிப்பில் திருத்தப்படும்' என்று பதில் போடுவார்.

இன்னொரு வகைக் கடிதமும் அவர் எழுதுவதுண்டு. அவை எங்கும் வெளிவந்ததில்லை. எல்லாம் ஷட்டர் எண் ஒன்பதைப் பற்றியவை.

பனையத்திடல் வயல்களில் நிற்கும் மழைத் தண்ணீர் ஒரே ஒரு வடிகால் வழியாகத்தான் கடலுக்குப் போயாக வேண்டும். அந்த வடிகாலின் குறுக்கே, ஒரு சிறு பாலத்தின் அடியில், இரும்புக் கதவு ஒன்று உண்டு. அதுதான் ஷட்டர் எண் ஒன்பது. கோடையில் உப்புத் தண்ணீர் உள்ளே ஏறாதபடி அதை இறக்கி வைப்பார்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் தூக்கிவிடுவார்கள். நான்கு ஆண்டுகளாக அது இறங்கியே கிடக்கிறது. கதவைத் தூக்கும் திருகுத்தண்டு வளைந்துவிட்டது. தண்டைச் சுழற்றும் சக்கரத்தை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு ஐப்பசியிலும் முந்நூறு ஏக்கர் சம்பா பத்து நாள் தண்ணீருக்குள் நின்று அழுகுகிறது.

பெரியநாயகசாமி முதலில் தண்ணீர்த் துறைக்குப் போனார். ஷட்டர் பாலத்தோடு சேர்த்துக் கட்டப்பட்டது, பாலம் சாலைத் துறையுடையது என்றார்கள். சாலைத் துறையில், பாலத்தின் மேற்பரப்பு மட்டும்தான் தங்களுடையது, அடியில் இருப்பது தண்ணீர் சம்பந்தப்பட்டது என்றார்கள். ஊராட்சித் துறையின் பதிவேட்டில் அந்த வடிகாலே இல்லை. பயிர்த் துறையில், பயிர் அழுகிய பிறகு வரச் சொன்னார்கள். பேரிடர்த் துறையில் ஒரு இளம் அதிகாரி மிகவும் பணிவாக விளக்கினார். பேரிடர் என்றால் எதிர்பாராமல் வர வேண்டும், பனையத்திடலில் ஆண்டுதோறும் தவறாமல் வருகிறது, ஆகவே அது வரையறைக்குள் அடங்காது.

ஐந்து அலுவலகங்களிலும் வாக்கியம் ஒன்றுதான்: "அது எங்க லிமிட்ல வராதுங்க."

ஆடி மாதம் ஒரு கனத்த உறை வந்தது. அனுப்பியது தஞ்சாவூரில் புதிதாகத் தொடங்கியிருந்த 'டெல்டா விழிப்புணர்வு ஒருங்கிணைப்பு முகமை'. ஐந்து துறைகளும் முன்பே ஆளுக்கொரு சாகச வீரனை உருவாக்கிச் சுவரொட்டி அடித்திருந்தன. தண்ணீர்த் துறைக்கு நீர்வேந்தன். சாலைத் துறைக்குச் சாலைச்சூரன். பயிர்த் துறைக்குப் பயிர்நேசன். ஊராட்சித் துறைக்கு ஊர்க்காவலி. பேரிடர்த் துறைக்குப் புயல்முரசன். முரசடித்து எச்சரிப்பதைத் தவிர அவனுக்கு வேறு சக்தி கிடையாது. இப்போது ஐவரையும் ஒரே காமிக்ஸில் சேர்ப்பதென்று முகமை முடிவு செய்திருந்தது. குழுவில் டெல்டா விவசாயியாகவும் நெடுநாள் காமிக்ஸ் வாசகராகவும் உள்ள ஒருவர் தேவை. 'வெண்புலி' ஆசிரியர் தேடிப் பார்த்ததில் அப்படி ஒருவர்தான் இருந்தார்.

"என்னத்துக்குக் கூப்புடுறாங்க?" என்றாள் மனைவி பாத்திமா மேரி.

"அஞ்சு பேரும் சேர்ற கதை. நான் யோசனை சொல்லணுமாம்."

"அஞ்சு ஆபீசும் சேந்துச்சுன்னா ஷட்டரத் தூக்கிரலாமே. அதுக்கு எதுக்குக் கதை?"

"அதான் மேரி. கதைய அந்த ஷட்டர்ல வச்சுட்டேன்னு வையி. படத்துல தூக்கிட்டு, நெசத்துல தூக்காம இருக்க முடியுமா? ரோசம் வந்துருமுல்ல."

"யாருக்கு?" என்றாள் பாத்திமா மேரி.

முதல் கூட்டத்தில் மேசை வட்டமாக இருந்தது. யாரும் தலைமை இடத்தில் உட்கார்ந்துவிடக் கூடாது என்பதற்காக வட்டம். இருந்தாலும் முகமை இயக்குநர் குந்தவை உட்கார்ந்த பக்கம்தான் ஏ.சி. இருந்தது. கதை எழுதச் சென்னை விளம்பர நிறுவனத்திலிருந்து செம்மொழி என்ற இளைஞர் வந்திருந்தார். படம் வரைய நாகப்பட்டினத்துப் பிரின்ஸி. கோயில் தேர்ப் படமும் ஃப்ளெக்ஸ் போர்டும் வரைகிறவள். தண்ணீர்த் துறையின் சார்பில் உதவிப் பொறியாளர் ராஜராஜன். மற்ற நான்கு துறைகளும் ஆளனுப்பியிருந்தன. அவர்கள் கையெழுத்துப் போட்டார்கள், டீ குடித்தார்கள்.

பெரியநாயகசாமி எழுந்து நின்று கதையைச் சொன்னார்.

"ஒரு ஷட்டர் தூக்க முடியாமக் கெடக்குதுங்க. நீர்வேந்தன் வர்றான், எங்க லிமிட் இல்லங்கிறான். சாலைச்சூரன் வந்து, உங்களுதுதாங்கிறான். அஞ்சு பேருக்கும் சண்டை. எட்டுப் பக்கம். அதுக்குள்ள தண்ணி ஏறிக்கிட்டே வருது. கடைசில யாரு எல்லைன்னு பாக்காம அஞ்சு பேரும் கையக் குடுத்துத் தூக்குறாங்க. ஒண்ணாச் சேர்ற கதையில இதாங்க முக்கியம். தன் ஊரு இல்ல, தன் வேலை இல்ல, ஆனாலும் வர்றான் பாருங்க. அந்த எடத்துலதான் வாசகனுக்கு நெஞ்சு அடைக்கும்."

குந்தவை மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ரொம்ப டச்சிங்கா இருக்கு. இந்த மாதிரி ஷட்டர் எங்கயாவது இருக்கா?"

"இருக்குதுங்க. ஒம்பதாம் நம்பர்."

அன்று குழு ஒருமனதாகத் தீர்மானித்தது: கதைக்களம் ஷட்டர் எண் ஒன்பது.

வெளியே வரும்போது ராஜராஜன் தனியாகக் கூப்பிட்டார். "அண்ணே, நீங்க சொன்ன அந்தக் கடைசிச் சீன் என்னமோ பண்ணிருச்சு. ஸ்டோர்ல பழைய திருகுத்தண்டு ஒண்ணு கெடக்கு. லிமிட்டாவது ஒண்ணாவது. ரெண்டு ஃபிட்டர அனுப்புறேன். ஒரு நாள் வேலை."

நாற்பத்தோரு ஆண்டுகளில் பெரியநாயகசாமி ஒரு சாகச வீரனை நேரில் பார்த்தது அந்தத் தாழ்வாரத்தில்தான்.

ஆவணி பத்தாம் தேதி ஃபிட்டர்கள் வந்தார்கள். ஜாக்கி வந்தது, திருகுத்தண்டு வந்தது, கிரீஸ் டப்பா வந்தது. பாத்திமா மேரி அவர்களுக்கு மீன் குழம்பு வைத்தாள். அவர்கள் சாப்பிட்டுக் கை கழுவும்போது ராஜராஜனிடமிருந்து தொலைபேசி வந்தது. அவர் குரல் தாழ்வாரத்தில் கேட்ட குரலாக இல்லை.

"வேலைய நிறுத்தச் சொல்லுங்கண்ணே."

"ஏங்க, என்னாச்சு?"

"முகமைல இருந்து லெட்டர். ஷட்டர் எண் ஒன்பது கதைக்களமா அறிவிக்கப்பட்டிருக்கு. நூல் வெளியாகிற வரைக்கும் அதோட தோற்றத்த மாத்தக் கூடாது. ஓவியம் வரையற நேரத்துல ஒரு மாதிரி, வெளியிடுற நேரத்துல ஒரு மாதிரி இருந்தா கணக்குத் தணிக்கைல கேள்வி வருமாம்."

"நூல் எப்ப வெளியாகும்?"

"ஐப்பசிக்குள்ளங்கிறாங்க."

"மழையும் ஐப்பசிலதாங்க வரும்."

"அது எனக்குத் தெரியாதாண்ணே" என்று சொல்லிவிட்டு ராஜராஜன் வைத்துவிட்டார்.

ஃபிட்டர்கள் ஜாக்கியைத் திரும்ப வண்டியில் ஏற்றினார்கள். மறுநாள் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் ஒரு பலகை வந்தது. 'படைப்புப் பயன்பாட்டில் உள்ளது. தொடாதீர்.'

இரண்டாம் கூட்டம் சண்டையைப் பற்றியது. சாலைத் துறையின் பிரதிநிதி அன்று முதல் முறையாகப் பேசினார். எங்கள் சாலைச்சூரனை நீர்வேந்தன் அடிப்பதுபோல் காட்டினால் துறையின் மாண்பு என்ன ஆவது என்று கேட்டார். அப்படியானால் சாலைச்சூரன் அடிக்கட்டும் என்றார் செம்மொழி. தண்ணீர்த் துறை ஒப்பவில்லை.

"சண்டையே வேண்டாம்" என்றார் குந்தவை. "துறைகளுக்குள்ள கருத்து வேறுபாடு இருக்குன்னு மக்கள் நினைச்சிடக் கூடாது."

"அப்போ அவங்க ஏங்க ஒண்ணு சேர்றாங்க?" என்றார் பெரியநாயகசாமி. "ஏற்கெனவே சேந்தேதான் இருக்காங்கன்னா கதை எங்க வருது?"

"ஒருங்கிணைப்புக் கூட்டத்துக்கு வர்றாங்க. அதுலயும் ஒரு விறுவிறுப்பு இருக்கு சார். நீங்க ஒருங்கிணைப்புக் கூட்டம் பாத்ததில்ல."

"இப்பப் பாத்துக்கிட்டுத்தாங்க இருக்கேன்."

பிறகு அட்டைப் படம். ஐவரும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். யாரும் யாருக்கும் பின்னால் நிற்கக் கூடாது. ஐவரையும் பக்கம் பக்கமாக நிறுத்தினால் ஆளுக்கு ஒன்றரை அங்குலம்தான் கிடைத்தது. ஊர்க்காவலியின் தோள் பயிர்நேசனின் நெற்கதிரை மறைத்தது. இரண்டு மணி நேரத்துக்குப் பின் அட்டையை ஐந்தாக மடித்து நீட்டுவது என்று முடிவாயிற்று. பிரின்ஸி தன் நோட்டில் ஏதோ எழுதிப் பெரியநாயகசாமி பக்கம் தள்ளினாள். 'அங்கிள், இது காமிக்ஸ் இல்ல, கல்யாண ஆல்பம்.'

கிளம்பும்போது அவர் குந்தவையிடம் போய் நின்றார். நாற்று நட்டு இருபது நாள் ஆகியிருந்தது.

"மேடம், ஷட்டர மட்டும் இப்பச் சரிபண்ண உத்தரவு குடுங்க. கதை எப்ப வேணா வரட்டும்."

"சார், உங்க அவசரம் எனக்குப் புரியுது. ஆனா ஷட்டர் சரியாயிட்டா இந்தப் புத்தகத்துக்குத் தேவை என்ன? உங்க யோசனையாலதான் இவ்வளவு பேர் வேலை செய்யறாங்க. நீங்களே இதைக் கெடுக்கலாமா?"

மூன்றாம் கூட்டம் புரட்டாசியில் நடந்தது. வில்லன் யார் என்ற கேள்வி எழுந்தது.

முதலில் மழை என்றார் செம்மொழி. மழையைக் கெட்டவனாகக் காட்டினால் விவசாயிகள் மனம் புண்படும் என்றது பயிர்த் துறை. கடல் என்றார். மீனவர்கள் மனம் புண்படும் என்று மற்றொருவர் சொன்னார். பிரின்ஸி ஒரு படத்தை எடுத்து வைத்தாள். செம்பழுப்பு நிறத்தில், உதிர்ந்துகொண்டே வளரும் ஒரு பூதம். பெயர் துருவன். பெரியநாயகசாமி அதைக் கையில் எடுத்து நெடுநேரம் பார்த்தார். நல்ல வில்லன். எந்த நாட்டுக் காமிக்ஸிலும் நிற்கக்கூடியவன்.

ராஜராஜன் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். "துருன்னா பராமரிப்பு இல்லைன்னு ஆயிரும். போன வருசம் அந்த ஷட்டருக்குப் பெயின்ட் அடிச்சதா எங்க ஆபீஸ்ல சான்று இருக்கு. ஷட்டர் நல்ல நிலையில இருக்கிற மாதிரிதான் வரையணும். சக்கரத்தோட."

"நல்லாருக்கிற ஷட்டர எதுக்குங்க அஞ்சு பேரு தூக்கணும்?" என்றார் பெரியநாயகசாமி.

அதுவரை ஒரு கற்றைத் தாளைப் புரட்டிக்கொண்டிருந்த செம்மொழி நிமிர்ந்தார். முகத்தில் கண்டுபிடிப்பின் ஒளி இருந்தது.

"மேடம், வில்லன் ஏற்கெனவே இருக்கான். இந்த ஃபீல்டு ரிப்போர்ட் எல்லாத்துலயும் அவன் பேர் வருது. 'கடைமடை காரணமாக நீர் தேங்குகிறது.' 'கடைமடையால் பயிர் பாதிப்பு.' 'கடைமடைப் பிரச்சினை தீர்ந்தபாடில்லை.' பவர்ஃபுல் நேம். யார் சார் இந்தக் கடைமடை?"

அறையில் இருந்த அத்தனை பேருக்கும் கடைமடை என்றால் என்னவென்று தெரியும். வாய்க்காலின் கடைசி மடை பாயும் இடம். தண்ணீர் கடைசியாக வந்து சேரும் பூமி. குந்தவை சற்றுத் தயங்கினார். ஆனால் அதற்குள் அவர் வாயிலிருந்து "எக்ஸலன்ட்" என்ற சொல் வெளியாகியிருந்தது. இயக்குநர் எக்ஸலன்ட் என்ற பிறகு அது என்ன என்று சொல்வது யாருடைய லிமிட்டிலும் வரவில்லை.

பெரியநாயகசாமி சொன்னார். "அது ஆளு இல்லீங்க. எங்க எடம். பனையத்திடல்தாங்க கடைமடை."

செம்மொழி ஒரு கணம்தான் வாடினார். "அப்போ அந்த எடத்துக்காரன். கடைமடையன்."

"அப்புடிச் சொல்லாதீங்க தம்பி."

"ஏன் சார், மடையன்னு வர்றதாலயா?"

"மடையன்னா அந்தக் காலத்துல மடையத் தொறக்குறவன்னு சொல்லுவாங்க. வெள்ளம் வர்ற நேரத்துல உள்ள முங்கிக் கதவத் தூக்கிவிடுறவன். பாதிப் பேரு மேல வரமாட்டானாம். அவனப் போயி…"

"சூப்பர் சார். அப்போ பேருக்கு ஒரு பின்கதையும் கிடைச்சாச்சு" என்று செம்மொழி குறித்துக்கொண்டார்.

ஒரு மணி நேரத்தில் வில்லன் முழுமை பெற்றான். கடைமடையன் பள்ளமான இடத்தில் பயிர் வைப்பவன். அறிவிப்புகளைப் படிக்காதவன். புயல்முரசனின் முரசு கேட்டும் காதில் பஞ்சு வைத்துக்கொள்பவன். நல்ல நிலையில் உள்ள ஷட்டரின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு தூக்க விடாமல் தடுப்பவன். ஐந்து துறைகளும் உடனே ஒப்புக்கொண்டன. முகமை தொடங்கிய நாளிலிருந்து ஒரு திருத்தம்கூட இல்லாமல் நிறைவேறிய ஒரே தீர்மானம் அதுதான் என்று கூட்டக் குறிப்பில் பதிவாகியிருக்கிறது.

ஒரு வாரம் கழித்துப் பிரின்ஸி தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"அங்கிள், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்காதீங்க."

"சொல்லும்மா."

"வில்லனுக்கு ஒரிஜினல் விவசாயி முகம் வேணும்னு சொன்னாங்க. நான் துருவன் முகத்தையே மாத்திப் போட்டேன். ஒத்துக்கல. உள்ள போறதுக்குப் பாஸ் போட்டப்ப உங்ககிட்ட போட்டோ வாங்குனாங்கல்ல. அதக் குடுத்துட்டாங்க."

பெரியநாயகசாமியின் கை மீசைக்குப் போனது.

"மீசை எப்புடி வந்துருக்கு?" என்றார்.

"நல்லா வந்துருக்கு அங்கிள்" என்றாள்.

ஐப்பசி பன்னிரண்டாம் தேதி மழை பிடித்தது. மூன்று நாள் விடவில்லை. நான்காம் நாள் முந்நூறு ஏக்கரும் ஒரே தண்ணீர். வரப்பு தெரியவில்லை, பயிரின் நுனி மட்டும் அங்கங்கே ஈர்க்குச்சி குத்தியதுபோல் தெரிந்தது. நூல் இன்னும் அச்சுக்குப் போகவில்லை. சாலைச்சூரனின் காலணியில் இருந்த நாடா ஊர்க்காவலியின் நாடாவைவிட நீளமாக இருப்பதாக ஒரு ஆட்சேபம் நிலுவையில் இருந்தது.

ஊர் ஆட்கள் சங்கிலியும் கடப்பாறையும் எடுத்துக்கொண்டு பாலத்துக்குப் போனார்கள். வளைந்த திருகுத்தண்டு சட்டத்துக்குள் இறுகிப்போயிருந்தது. டிராக்டரில் சங்கிலியைக் கட்டி இழுத்தார்கள். சங்கிலி அறுந்தது. பெரியநாயகசாமி சட்டையைக் கழற்றிப் பலகையின் மேல் போட்டுவிட்டு உள்ளே இறங்கினார். மூன்று முறை முங்கினார். கதவின் அடிப்பகுதி சேற்றில் ஒரு முழம் புதைந்திருந்தது. கையால் தோண்டிப் பார்த்தார். நான்காம் முறை முங்கப் போனபோது பாத்திமா மேரி அவர் தலைமுடியைப் பிடித்து இழுத்தாள்.

"போதும், மேல வாங்க. பாதிப் பேரு மேல வரமாட்டான்னு நீங்கதான வீட்டுல வந்து சொன்னீங்க."

மூச்சு வாங்க அவர் கரையில் உட்கார்ந்திருந்தபோது முகமையின் வண்டி வந்தது. அதிலிருந்து இறங்கியவர் ஷட்டரையும் பலகையையும் படம் எடுத்துக்கொண்டு, தோற்றத்தில் மாற்றம் எதுவும் நேரவில்லை என்று எழுதிக்கொண்டு போனார்.

தண்ணீர் பதினோரு நாள் நின்றது. வடிந்தபோது வயலில் நாற்றம்தான் இருந்தது. பெரியநாயகசாமி ஒரு நெல் தூரைப் பிடுங்கிப் பார்த்தார். பிடுங்க வேண்டியிருக்கவில்லை, தொட்டதும் கையோடு வந்தது.

தை மாதம் தஞ்சாவூரில் 'ஐவர் அணி' நூல் வெளியீடு. ஐந்து வீரர்களின் உடையில் ஐந்து பேர் மேடைக்கு வந்தார்கள். ஒருவர் முன்னே ஒருவர் பின்னே ஏறக் கூடாது என்பதற்காக மேடைப் படிக்கட்டு அகலப்படுத்தப்பட்டிருந்தது. குந்தவை பேசினார்.

"சிலர் கேட்கிறார்கள், புத்தகத்துக்குப் பதிலாக அந்த ஷட்டரையே சரிசெய்திருக்கலாமே என்று. யோசித்துப் பாருங்கள். ஒரு ஷட்டரைச் சரிசெய்தால் ஒரு கிராமம்தான் பயனடையும். ஷட்டரைச் சரிசெய்வது பற்றிய புத்தகத்தால் டெல்டா முழுவதும் பயனடையும். இந்த ஆண்டு வெள்ளம் நம் முயற்சியின் அவசியத்தை நிரூபித்திருக்கிறது. வெள்ளம் வரவில்லையென்றால் இந்தப் புத்தகத்தை யார் நம்பியிருப்பார்கள்?"

கைதட்டல் எழுந்தது. பெரியநாயகசாமிக்குச் சால்வை போர்த்தினார்கள். புயல்முரசன் அவர் முகத்தையும் அட்டையின் பின்புறத்தில் இருந்த கடைமடையனின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மெல்ல நகர்ந்துகொண்டான்.

திரும்பி வரும் பேருந்தில் அவர் புத்தகத்தைப் படித்தார். எந்தப் புத்தகத்தையும் படிக்கிற மாதிரிதான், முதல் கட்டத்திலிருந்து, ஒரு கட்டமும் விடாமல். தாள் நன்றாக இருந்தது. இடுப்புப் பட்டைகள் இருபத்து நான்கு பக்கங்களிலும் ஒரே நிறம். நாற்பத்தோரு ஆண்டுகளில் நிறப்பிழை இல்லாத முதல் காமிக்ஸ் இதுதான். மூன்றாம் பக்கத்தில் வீரர்கள் சந்தித்து ஒருவருக்கொருவர் சால்வை அணிவிக்கிறார்கள். ஐந்தாம் பக்கத்திலிருந்து பதினாறாம் பக்கம் வரை ஆலோசனை. யாரும் யாரையும் அடிக்கவில்லை. யாரும் யார் எல்லைக்குள்ளும் போகவில்லை. பதினேழாம் பக்கத்தில் ஐவரும் துறை வாரியாக ஷட்டரின் நீலச் சக்கரத்தைத் தொட, கதவு எழும்பி, தண்ணீர் கடலுக்குப் பாய்கிறது. மேலே உட்கார்ந்திருந்த கடைமடையன் தலைகுப்புற விழுகிறான். மீதிப் பக்கங்களில் மன்னிப்புக் கேட்கிறான்.

மழையை மட்டும் பிரின்ஸி உண்மையாக வரைந்திருந்தாள். அந்தப் பக்கத்தில் அவர் கொஞ்சம் அதிக நேரம் இருந்தார்.

வீட்டில் தண்ணீர்த் துறையின் கடிதம் ஒன்று காத்திருந்தது. பாத்திமா மேரி அதை ஏற்கெனவே பிரித்துப் படித்திருந்தாள் என்பது அவள் அதை நீட்டிய விதத்தில் தெரிந்தது.

'தங்கள் மனு தொடர்பாக, ஷட்டர் எண் 9 உரிய துறைகளின் கூட்டு முயற்சியால் தூக்கப்பட்டுவிட்டது எனத் தெரிவிக்கப்படுகிறது. ஆதாரம்: ஐவர் அணி, பக்கம் 17. எனவே மனு முடித்துவைக்கப்படுகிறது.'

"ரோசம் வந்துருச்சு போல" என்றாள் அவள்.

அவர் ஒரு தாளை எடுத்தார். மனு எழுதும் வழி அடைபட்டுவிட்டது. அவருக்குத் தெரிந்த இன்னொரு கடிதம்தான் பாக்கி. இருநூற்றுப் பதின்மூன்றாவது. முகமைக்கே எழுதினார்.

'ஐயா, தங்கள் நூலில் ஒரு பிழை. பக்கம் 17, கட்டம் 3-இல் ஷட்டர் எண் ஒன்பதுக்கு நீலச் சக்கரம் காட்டப்பட்டுள்ளது. எங்கள் ஊர் ஷட்டருக்கு நான்கு ஆண்டுகளாகச் சக்கரம் கிடையாது. திருகுத்தண்டும் வளைந்துள்ளது. ஆகவே அந்தக் கட்டத்தில் உள்ளதுபோல் கதவு எழும்ப வாய்ப்பில்லை. படத்துக்கும் உண்மைக்கும் உள்ள இந்த முரண்பாட்டைத் திருத்துமாறு வேண்டுகிறேன். நெடுநாள் வாசகன், செ. பெரியநாயகசாமி, கடைமடை.'

மூன்று ஆண்டு மனுக்களுக்கு எந்த அலுவலகமும் அசையவில்லை, இந்தக் கடிதத்துக்கு முகமை பத்தே நாளில் அசைந்தது. அச்சிட்ட நூலில் பிழை என்றால் தணிக்கையில் கேள்வி வரும். நூலை மறுபடி அச்சிட முடியாது. ஆகவே முரண்பாட்டை மறுமுனையில் திருத்துவது என்று முடிவாயிற்று.

மாசி முதல் வாரத்தில் அதே இரண்டு ஃபிட்டர்கள் வந்தார்கள். வண்டியில் புத்தம் புதிய இரும்புச் சக்கரம் ஒன்று இருந்தது. பதினேழாம் பக்கத்தைக் கிழித்துக் கொண்டுவந்திருந்தார்கள், நீலம் ஒத்துப்போகிறதா என்று பார்க்க. பெரியநாயகசாமி ஓட்டமாகப் போனார்.

"திருகுத்தண்டு எங்க தம்பி?"

மூத்த ஃபிட்டர் அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "படத்துல தண்டு தெரியலையாம் அண்ணே. சக்கரம் மட்டுந்தான் ஆர்டர்ல இருக்கு."

சட்டத்தின் மேல் ஒரு அச்சை நட்டு அதில் சக்கரத்தைப் பொருத்தினார்கள். கிரீஸ் வைத்தார்கள். படம் எடுத்தார்கள். பலகையைக் கழற்றிக்கொண்டு போனார்கள். அன்றைக்குச் சாப்பாட்டுக்கு நிற்கவில்லை.

அவர்கள் போன பிறகு பெரியநாயகசாமி பாலத்தின் மேல் ஏறிச் சக்கரத்தைப் பிடித்துச் சுழற்றினார். சத்தமே இல்லாமல் சுழன்றது. கையை எடுத்த பிறகும் சிறிது நேரம் தானாகவே சுழன்றது. கீழே கதவு சேற்றில் ஒரு முழம் புதைந்து, இருந்த இடத்தில் இருந்தது.

அவர் வீட்டுக்கு வந்தபோது பாத்திமா மேரி அரிசி களைந்துகொண்டிருந்தாள். கடையில் வாங்கிய அரிசி.

"சக்கரம் போட்டுட்டாங்களாமே. சுத்துதா?"

"நல்லா சுத்துது."

"ஷட்டரு?"

பெரியநாயகசாமி காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார்.

"அது அவங்க லிமிட்ல வராது."